கடனை அடைத்தவர்களுக்கு வரலாறு இல்லையாம்

‘உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை’ என்று சொல்லி நம்ம பிள்ளைகளை வங்கியிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். ஆலங்குளம் பக்கமிருந்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் லோன் கேட்டுப் போகிற படிச்ச பிள்ளைகள் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு அந்த ‘வரலாறு’ என்கிற சொல் உறுத்துகிறது. கடனில் பிறந்து கடனில் செத்த சனத்துக்குக் கடன் வரலாறு இல்லையென்றால், எதைத்தான் வரலாறு என்கிறார்கள்?

யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் மதிப்பெண் போடுவதற்கு ரொம்ப முந்தியே மனு போட்டுவிட்டான். மனுஸ்மிருதியின் எட்டாவது அத்தியாயம் நூற்றுக்கு மாத வட்டி பிராமணனுக்கு 2, சத்திரியனுக்கு 3, வைசியனுக்கு 4, சூத்திரனுக்கு 5 என்கிறது. ஒழுங்காத் திருப்பிக் கட்டினவனா என்கிற கேள்வியே அங்கே கிடையாது. பிறப்புதான் வட்டி. நாலு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அந்த வரியில் இடமே இல்லை.

அவனிடம் வாங்கியது உடம்பை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், கடனுக்காக மிராசுதாரிடம் கட்டுண்டு கிடந்த படியாட்களைப் பற்றி எழுதினார். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்ததற்கு அந்த அறிக்கையே அடிப்படை.

எங்க அம்மாச்சி கரிசக்காட்டில் ஒரு பண்ணையில் வேலை பார்த்தது. ‘வாங்குனது ஒரு மூட்டைக் கம்பு, அடைச்சது எங்கய்யா ஆயுசும் என் ஆயுசும்’ என்று சொல்லும். கணக்கு நோட்டு பண்ணை வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. எங்க ஆளுகளுக்கு எழுத்துத் தெரியாது. தெரிஞ்சாலும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. கைநாட்டு மட்டும் நம்முடையது. செய்த வேலை வரவில் ஏறாது, வட்டி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அந்தக் கடனெல்லாம் ஒழிந்தது என்று சட்டம் சொன்னது. நல்லது. ஆனால் இந்தச் சனம் தலைமுறை தலைமுறையாய் அடைத்துக்கொண்டே இருந்தது என்று எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பக்கத்துச் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகள் பெற்றவர்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளைகளை வேலைக்கு இழுத்ததும் இதே கணக்குத்தான். கடன் அப்பன் பேரில். அடைத்தது பிள்ளையின் விரல்கள்.

அரசாங்கக் கடன் நமக்கு எட்டிப் பார்க்கவே வெகுகாலம் ஆனது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது நிலமும் ஜாமீனும் உள்ளவனே உள்ளே போனான். 1969-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின. 1972-ல் 4 சதவீத வட்டிக் கடன் திட்டம் வந்தது. அதில் 40 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்குப் போக வேண்டும் என்று விதி. 1974-ல் வீடு கட்டித்தரத் தொடங்கிய தாட்கோ பிறகு தொழில் கடனுக்கும் வந்தது. 1992-ல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்தது. அப்போதுதான் கணக்கு நோட்டு சேரித் தெருவுக்கு வந்தது. போட்ட சந்தாவையும் கட்டின தவணையையும் நம்ம பொம்பளைகளே எழுதினார்கள். இதைச் சின்ன விசயமாக நான் நினைக்கவில்லை.

வங்கி வாசல் அடைத்தால் கந்துவட்டி வாசல் திறக்கும். 2003-ல் அதற்கும் தடைச் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீசில் ஒரு கூலிக் குடும்பம், ரெண்டு சின்னக் குழந்தைகளோடு தீயில் கருகியது. வாங்கியதற்கு மேலேயே கட்டிவிட்டதாக அவர்கள் முறையிட்டிருந்தார்கள். அடைத்ததற்கு எழுத்து இல்லாதவன் கதி இதுதான்.

இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ‘சிபில்’ பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2000-ல் அந்த நிறுவனம் தொடங்கியது. 2005-ல் இதற்கென்று சட்டம் வந்தது. இப்போது நாலு நிறுவனங்கள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. சாதிக்கு அதில் கட்டம் இல்லை. கட்டினாயா, எப்போது கட்டினாய் என்பதே கேள்வி. ஆனால் முன்னே கடன் கொடுக்கப்படாதவனுக்குப் பக்கமே காலி. நேற்றைய தீண்டாமை இன்றைக்கு வெற்றுத்தாளாக வந்து நிற்கிறது.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்த நோட்டை நாம் வாசிக்கவும் முடியும். நாலு நிறுவனத்திலும் வருசத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். தப்பு இருந்தால் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்குக் கொடுக்க வேண்டும்.

சின்னக் கடனை வாங்கித் தேதி தவறாமல் கட்டுவது, ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்காமல் இருப்பது, யாருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறோம் என்று யோசிப்பது (அவன் கட்டாவிட்டால் நம்ம கணக்கும் கெடும்) — இவையெல்லாம் சேரியில் பேசப்பட வேண்டிய விசயங்கள். பாக்கியில் பாதியைக் கட்டிப் ‘பைசல்’ பண்ணினால் முழுசாக அடைத்ததாக ஏறாது. கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கணும்.

சிக்கனத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு மூட்டைக் கம்புக்கு ரெண்டு ஆயுசைக் கட்டின சனம் இது. கட்டியதை எழுதவைக்கும் உரிமைதான் நமக்கு மறுக்கப்பட்டது. ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். வாசிக்கத் தெரிந்த மாணவத் தோழர்கள், தெருவில் பத்துப் பேருடைய அறிக்கையையாவது எடுத்து உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.