பதினான்கில் இரண்டு இடம்: குமாரசாமி ராஜா ஆட்சியில் நடந்த ஒரு வழக்கு

ராஜபாளையத்துக்காரர்களிடம் பி.எஸ்.குமாரசாமி ராஜாவைப் பற்றிக் கேட்டால் இரண்டு செய்திகள் கிடைக்கும். நம்மூரிலிருந்து சென்னை மாகாணத்தின் முதல்வரானவர் என்பது ஒன்று. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்பது மற்றொன்று. எளிமையானவர், காந்தியவாதி என்ற புகழ் அவருக்கு உண்டு. அந்தப் புகழை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை நீடித்த அவருடைய ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மாணவர்களின் கல்வி உரிமைக்கு என்ன நேர்ந்தது?

அவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு பதவிக்கு வந்தார். அன்றைய சட்டமன்றம் 1946-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து வாக்குரிமை தரப்பட்ட காலம் அது. மொத்தம் 215 இடங்கள். பூனா ஒப்பந்தத்தின் வழியாக அதில் 30 தாழ்த்தப்பட்டோருக்கு. சேரியில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது.

வாக்கு இல்லாத அந்த மக்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருந்தது வகுப்புவாரி அரசாணை. நீதிக்கட்சிக் காலத்தில் பேசத் தொடங்கி, 1928-இல் முத்தையா முதலியாரால் அரசு வேலையில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. நாற்பதுகளின் இறுதியில் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் அதன் கணக்கு இப்படி இருந்தது. 14 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரசாணையின் சொல்லில் 'ஹரிஜன'ங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1.

1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே இந்த அரசாணைக்கு எதிராக இரண்டு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். மருத்துவக் கல்லூரி இடத்துக்காகச் செண்பகம் துரைராஜன்; பொறியியல் இடத்துக்காக ஸ்ரீனிவாசன். ஸ்ரீனிவாசனுக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அம்பேத்கர் தலைமையில் இயங்கிய வரைவுக் குழுவில் உறுப்பினராக இருந்த அதே அல்லாடிதான். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

1950 ஜூலையில் உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. குமாரசாமி ராஜா அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. இதை நாம் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்: அந்த அரசு அரசாணையைக் கைவிடவில்லை. நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினரின் கல்வியை அரசு பேண வேண்டும் என்று சொல்லும் 46-ஆவது பிரிவைக் காட்டி வாதாடியது. வழிகாட்டு நெறி அடிப்படை உரிமையை மீற முடியாது என்று சொல்லி, 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகள் அந்த வாதத்தை நிராகரித்தார்கள்.

மாணவத் தோழர்கள் இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். அதே நாளில் அதே நீதிமன்றம் வெங்கட்ரமணா என்பவரின் வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. அது மாவட்ட முன்சீப் வேலைக்கான வழக்கு. அங்கேயும் வகுப்புவாரி அரசாணைதான் பிரச்சினை. ஆனால் அங்கே தாழ்த்தப்பட்டோருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்குமான ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். ஏன்? வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டை அனுமதிக்கும் 16(4) என்ற உட்பிரிவு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. கல்விக்கு அப்படி ஒரு வரி இல்லை. நமது முன்னோர் பட்ட இழிவு இரண்டு வழக்கிலும் ஒன்றுதான். ஒதுக்கீட்டின் தேவையும் ஒன்றுதான். ஒரு வரி இருந்த இடத்தில் உரிமை பிழைத்தது. இல்லாத இடத்தில் அந்த 14-இல் 2 இடமும் சேர்ந்து போனது.

அதன்பின் நடந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. பெரியார் முன்னின்று நடத்திய வகுப்புரிமைப் போராட்டம் தமிழ்நாட்டைக் குலுக்கியது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோதே, 1951 ஜூனில், முதல் திருத்தம் நிறைவேறி 15(4) பிறந்தது. இன்று நம் மாணவர்கள் கல்லூரியில் ஒதுக்கீட்டில் இடம் வாங்கும்போது அதன் அடியில் இருப்பது இந்த உட்பிரிவுதான். அது யாருடைய கருணையிலும் வந்ததல்ல.

1952-இல் வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் வந்தது. குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றது. அமைச்சர்கள் சிலரும் தோற்றார்கள். பிறகு அவர் ஒரிசா ஆளுநராகப் போனார், 1957-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அரசாணை என்பது ஆள்பவர் எழுதுவது, வழக்கு வந்தால் விழக்கூடியது. நல்லெண்ணம் கொண்ட அரசு ஆதரித்தாலும்கூட விழும். சட்டம்தான் நிற்கும். தமிழ்நாடு இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டது. 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டை 1993-இல் சட்டமன்றம் சட்டமாக்கியது. மறு ஆண்டே அது அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்தது. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009-இல் சட்டமானது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நின்றது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதியை வேறு திட்டத்துக்குத் திருப்பக்கூடாது என்று நாம் பல்லாண்டு கேட்டதன் பலனாக, 2024-இல் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்தது.

2008 தொகுதி மறுவரையறையில் ராஜபாளையம் பொதுத் தொகுதியாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியானது. முதல்வரைத் தோற்கடித்த அதே ஊரின் பெயரில் இன்று பட்டியல் சாதியினர் மட்டுமே சட்டமன்றம் போக முடியும். 2011-இல் பொன்னுபாண்டி, 2016-இல் சந்திரபிரபா, 2021-இல் மான்ராஜ் என்று தேர்தலுக்கு ஒருவராகப் போனார்கள். தமிழ்நாட்டில் இப்படிப் பட்டியல் சாதியினருக்கு 44 தொகுதிகள் இருக்கின்றன. 44 பேரும் ஒரே குரலில் பேசினால் எந்த ஆளுங்கட்சியும் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்களைக் கட்சிக் கொறடாவின் சொல் பிரித்து வைத்திருக்கிறது.

அதனால் நம் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும்போது சாலையும் சமுதாயக் கூடமும் மட்டும் கேட்டுத் திரும்ப வேண்டாம். அவையும் தேவைதான். கூடவே இதையும் கேட்போம்: ஆணவக் கொலைக்கு எதிரான தனிச்சட்டத்துக்காக அவையில் எத்தனை முறை எழுந்து பேசினீர்கள்? செயல்திட்டச் சட்டத்தின்படி நம் மாவட்டத்துக்கு வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு? பதிலை எழுதி வாங்குவோம். அடுத்த முறை வாக்கு கேட்டு வரும்போது அதை எடுத்து வைத்துப் பேசுவோம்.