பாத்திமா ஜின்னாவும் எண்பதினாயிரம் வாக்குகளும்

முஸ்லிம் பெண்ணின் அரசியல் தலைமை பற்றிப் பேசுவோர் 1988இல் பாகிஸ்தானின் பிரதமரான பேநஸீர் பூட்டோவையே முதலில் குறிப்பிடுவர். அவருக்கு முன்னரே அதே நாட்டில் ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட பாத்திமா ஜின்னாவை இங்கு நினைவுகூர விரும்புகிறேன்.

முஹம்மது அலி ஜின்னாவின் தங்கையான அவர், கல்கத்தாவில் பல் மருத்துவம் கற்று 1923இல் பம்பாயில் சிகிச்சை நிலையம் தொடங்கியவர். 1929இல் அண்ணனின் மனைவி மறைந்ததும் அதை மூடிவிட்டு அண்ணனுக்குத் துணையானார்.

1964இல் எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி, இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த அய்யூப் கானுக்கு எதிராக அவரை நிறுத்தின. அப்போது அவருக்கு வயது 71. சின்னம் அரிக்கன் லாம்பு. பெண் நாட்டின் தலைவராகக் கூடாதென உலமாக்கள் சிலர் பத்வா வழங்கினர். மௌலானா மௌதூதியின் ஜமாஅத்தே இஸ்லாமியோ அவரை ஆதரித்தது. மார்க்கத்தின் பெயரால் வந்த இவ்விரு முடிவுகளையும் அன்றைய அரசியல் தேவைகளே தீர்மானித்தன என்பது என் எண்ணம்.

1965 ஜனவரி 2இல் பொதுமக்கள் வாக்களிக்கவில்லை. 'அடிப்படை ஜனநாயகம்' என்ற முறையில் தெரிவான 80,000 பேருக்கே அந்த உரிமை இருந்தது. அரச இயந்திரத்தின் பிடிக்குள் இருந்த அவர்களிடமும் பாத்திமா மூன்றிலொரு பங்குக்கு மேல் வாக்குப் பெற்றார். கராச்சியிலும் டாக்காவிலும் அவரே முந்தினார்.

1967இல் அவர் காலமானார். 1969இல் மக்கள் கிளர்ச்சி அய்யூப் கானைப் பதவி துறக்க வைத்தது. பாகிஸ்தானியர் தமது ஆட்சியாளரைத் தெரிவுசெய்ய நேரடியாக வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் 1970 டிசம்பரில்தான் நடந்தது. அந்த உரிமைக்காகவே முதுமையில் மேடையேறிய பாத்திமா அதைக் காண உயிரோடிருக்கவில்லை.