ஒளி வீசிய ஆடையும் ஒளித்து வைத்த ஏடும்

நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளைப் பண்டைக் கிரேக்க மருத்துவ ஏடுகள் வகுத்துத் தந்தன. ஈராயிரம் ஆண்டுகள் அவையே போதும் என்றிருந்தது மருத்துவ உலகம். 1700ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு மொடேனா நகரிலே, பெர்னார்டினோ ரமசினி என்னும் மருத்துவர், தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய தம் நூலில் மேலும் ஒரு கேள்வியைச் சேர்த்தார். நீ செய்யும் தொழில் யாது என்பதே அது.

சிறிய கேள்விதான். ஆனால், நோய் விதியால் விளைவது என்று கிடந்த உலகத்தை, வேலை செய்யும் இடத்தை உற்றுப் பார்க்கச் செய்த கேள்வி! ஓர் ஆலை முழுவதையும் ஆய்ந்து அக்கேள்விக்கு எழுதப்படும் விடைதான் தொழில்நல மருத்துவ அறிக்கை. முதலாளி கேட்கிறார், மருத்துவர் ஆய்ந்து எழுதித் தருகிறார். அந்த ஏட்டில் என்னென்ன இருக்கவேண்டும்? அது யார் கைக்குப் போய்ச் சேரவேண்டும்? அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டு நடந்ததைப் பார்த்தால் விடை விளங்கும்.

நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரில் ஓர் ஆலை. இருட்டிலும் மணி காட்டும் கடிகார முகங்களுக்கு ரேடியம் கலந்த வண்ணம் தீட்டுவது அங்கே வேலை. 1917 முதல் இளம் பெண்கள் பலர் அதில் அமர்த்தப்பட்டனர். எழுத்துக்கள் மெல்லியனவாக அமையவேண்டும். ஆகவே தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுத்தனர். ஒவ்வொரு முறையும் சிறிதளவு ரேடியம் வாய்க்குள் சென்றது. உடலோ அதைச் சுண்ணாம்புச் சத்து என்று கருதி எலும்பிலே சேர்த்து வைத்தது. பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்பு அழுகிற்று. 1922இல் மாண்ட ஒரு மங்கையின் இறப்புச் சான்றிலே மேகநோய் என்று எழுதினர். உயிரைப் பறிகொடுத்தவளுக்குப் பழியும் சேர்ந்தது! 1927இல் அந்த உடலைத் தோண்டியெடுத்து ஆய்ந்தனர். எலும்பிலே ரேடியம் இருந்தது. மேகநோயின் அடையாளம் இல்லை.

கலக்கமுற்ற யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன், 1924இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் செசில் டிரிங்கரை ஆய்வுக்கு அழைத்தது. அவரும், அவருடைய துணைவியார் டாக்டர் கேதரின் டிரிங்கரும், டாக்டர் வில்லியம் காசிலும் ஆலைக்குச் சென்றனர். மேலாளர் சொன்னதைக் கேட்டெழுதித் திரும்பவில்லை. வேலை நடக்கும் முறையைக் கண்டனர், தூசியை ஆய்ந்தனர், தொழிலாளரின் குருதியைச் சோதித்தனர். பெண்களை இருட்டறையில் நிறுத்திப் பார்த்தனர். கூந்தல், முகம், கை, ஆடை, உள்ளாடை யாவும் ஒளி வீசின! முற்றும் சீராக இருந்த குருதி எவரிடத்தும் இல்லை. தலைமை வேதியியலாரின் கைப்புண்களைக் கண்டு எச்சரித்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே மாண்டார்.

நோய்க்குக் காரணம் ரேடியமே என்றும், இன்னின்ன காப்புகள் தேவை என்றும் எழுதி, 1924 ஜூன் மாதம் அறிக்கையை அளித்தனர். நிறுவனம் செய்தது என்ன? கசப்பான முடிவுகளை மறைத்து, பெண்கள் நலமாக இருக்கின்றனர் என்று மாநிலத் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தது. டிரிங்கர் பொய்யர் அல்லர். ஆயினும் வெளியிட நிறுவனத்தின் இசைவை எதிர்நோக்கி வாளாவிருந்தார். அறிக்கையின் பெயரால் நடந்த புரட்டு 1925இல், தொழில்நல மருத்துவத்தின் முன்னோடி ஆலிஸ் ஹாமில்டன் வாயிலாக அவருக்குத் தெரிய வந்தது. அதன்பின், வழக்குத் தொடர்வோம் என்ற மிரட்டலையும் மீறி, உண்மை அறிக்கையை அவ்வாண்டே அச்சேற்றினார்.

ஓராண்டுதானே என்பீர்களா? தீங்கு நேர்ந்த இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். நோயோ பல ஆண்டு கழித்துத் தலைகாட்டுவது. ஏட்டை மறைத்தவர்கள், ஏழைப் பெண்களின் காலத்தையும் களவாடினர்! 1927இல் கிரேஸ் பிரையர் முதலான ஐவர் வழக்காடினர். 1928இல் ஆளுக்குப் 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலரும், மருத்துவச் செலவும் தருவதாக நிறுவனம் இணங்கிற்று. எலும்பிலே புகுந்த நஞ்சை எந்தப் பணம் எடுக்கும்?

இதிலிருந்து தெளியலாம், அறிக்கையில் இருக்கவேண்டியவை எவை என்று. வேலை நடக்கும் முறை, நேரிற் கண்டவாறு. காற்றிலும் தூசியிலும் உள்ள நஞ்சின் அளவு, எண்களில். எத்தனை பேரை எவ்வாறு சோதித்தனர் என்ற விவரம். வேலையை விட்டு விலகியோர், நோயுற்றோர், மாண்டோர் கணக்கும் அதில் அடங்கவேண்டும், ஏனெனில் நலிந்தவர் முன்னமே வெளியேறியிருப்பர். காரணம் இன்னது என்ற முடிவு. உறுதியானது எது, ஐயத்துக்குரியது எது என்ற பாகுபாடு. செய்யவேண்டிய திருத்தங்கள், அவற்றுக்குக் கெடு, பொறுப்பேற்பவர் யார் என்பது.

ஆலையைப் பற்றிய முடிவு அனைவர்க்கும் உரியது. தனியொருவரின் நோய் விவரமோ அவருக்கே உரியது. அதை முதலாளியின் மேசைக்கு அனுப்புதல் அறமன்று. ஆரஞ்சில் இரண்டும் தலைகீழாயின. பெண்ணுக்குப் பொய்ப்பழி வந்தது. ஆலையின் குற்றமோ பெட்டிக்குள் போயிற்று.

1980இல் அமெரிக்க அரசு, தொழிலாளி தன் மருத்துவப் பதிவையும், தான் எதிர்கொண்ட நஞ்சின் அளவுப் பதிவையும் காணலாம் என்று விதி செய்தது. டிரிங்கர் அறிக்கைக்குப் பின் ஐம்பத்தாறு ஆண்டுகள்! ஆகவே, இளைஞர்களே, ஆலையில் ஆய்வு நடந்தது, அனைவரும் நலம் என்று எவரேனும் சொன்னால் தலையாட்டி அமையாதீர். எங்கே அந்த ஏடு, எம்மிடம் காட்டுங்கள் என்று கேளுங்கள்!