வாவி மீனின் குருதி சொல்லும் சேதி

மட்டக்களப்பு வாவியில் வலை வீசும் மீனவர், மீனின் வயிற்றைத் தடவியே சினையை அறிவர். தலைமுறைகளின் உழைப்பு ஈந்த அறிவு அது. அதே கேள்வியைக் குருதியிடம் கேட்க விஞ்ஞானம் கற்றது மிகப் பிந்தியே.

பெண்மீனின் சூலகம் சுரக்கும் ஓமோன் ஈரலைத் தூண்டுகிறது. ஈரல் மஞ்சட்கருப் புரதத்தை ஆக்குகிறது. குருதி அதனைச் சூலகத்துக்குச் சுமக்கிறது. தேளிமீனின் குருதியில் இப்புரதத்தைப் பிரித்தறிந்து, நாத், சுந்தரராஜ் என்னும் இந்திய அறிஞர் 1981இல் வெளியிட்டனர்.

இத்தகைய புரதங்களை நுண்ணளவிலும் அளக்கும் வழி மனித மருத்துவத்திற் பிறந்தது. குருதியிலுள்ள இன்சுலினை அளக்க, பிறபொருளெதிரியையும் கதிரியக்கத்தையும் இணைத்த முறையை 1950களின் இறுதியில் நியூயோர்க்கில் யாலோவும் பேர்சனும் உருவாக்கினர். அதற்குக் காப்புரிமை தேடி அவர்கள் பொருளீட்டவில்லை. கதிரியக்கம் வேண்டாத நொதிமுறை 1971இல் சுவீடனில் எழுந்தது.

1980களில் இங்கிலாந்தின் தூண்டிற்காரர், கழிவுநீர்த் தேக்கங்களில் ஆணும் பெண்ணுமாகிய மீன்களைக் கண்டனர். ஆய்வாளர் கழிவுநீர் வாய்களில் மீன்களைக் கூண்டிலிட்டுச் சோதித்தனர். ஆண்மீனின் குருதியிலும் மஞ்சட்கருப் புரதம் பெருகியிருந்தது! 1994இல் அம்முடிவு வெளியாயிற்று. மனிதர் கழித்த ஓமோன்களும் கருத்தடை மாத்திரையின் எச்சமுமே முதன்மைக் காரணம் எனப் பின்னர் தெளிந்தது.

அங்கே முதலிற் கண்டது ஆய்வுகூடமன்று, மீன்பிடிப்போரின் கண். வயல்நீரும் நகரக் கழிவும் வந்து சேரும் நம் வாவியிலும், மீனவர் சொல்லுக்கு அறிஞர் செவிசாய்க்கவேண்டும். காப்புரிமையின்றிப் பிறந்த முறை, உழைப்போர் வாவிக்குப் பயன்படுவதே நீதி என்போம் நாம்.