239 அட்டையும் ஒரு ஓட்டையும்

பேஸ்பால் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மி. கட்டையால அடிச்சுட்டு ஓடுவாங்க, அவ்ளோதான். ஆனா அந்த விளையாட்டை ஒட்டி வளர்ந்த அட்டை சேர்க்கிற பைத்தியம் இருக்கே, அதோட வரலாறு நம்மள மாதிரி நாள் பூரா எண்களோட மாரடிக்கிற ஆளுங்களுக்கு செம தீனி. சின்ன வயசுல தீப்பெட்டிப் படம் சேர்த்தவங்களுக்கு இது இன்னும் சுலபமாப் புரியும்.

1933-ம் வருஷம். அமெரிக்காவுல பெருமந்தம் உச்சத்துல இருக்கு, நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை கிடையாது. அந்த நேரத்துல பாஸ்டன்ல இருந்த கௌடி கம் கம்பெனி 'பிக் லீக்'னு ஒரு சூயிங்கம் கொண்டு வந்தாங்க. விலை ஒரு சென்ட். காகிதத்தைப் பிரிச்சா உள்ள கம், கூடவே வண்ணத்துல ஒரு ஆட்டக்காரர் படம் போட்ட கெட்டி அட்டை. அட்டைக்குப் பின்பக்கம் ஆட்டக்காரரைப் பத்தி நாலு வரி, வரிசை எண், அப்புறம் இது 240 அட்டை கொண்ட வரிசையில ஒண்ணுன்னு ஒரு குறிப்பு. பேப் ரூத்துக்கு மட்டும் நாலு அட்டை (53, 144, 149, 181). சூப்பர் ஸ்டாருக்கு அந்த ஊர்லயும் தனி மரியாதைதான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. காலேஜ்ல ப்ராபபிலிட்டி வகுப்புல தூங்காம இருந்தவங்களுக்கு 'கூப்பன் கலெக்டர்' கணக்கு ஞாபகம் இருக்கும். 240 அட்டையும் சம வாய்ப்போட கலந்து வருது, யார்கிட்டயும் மாத்திக்கல, கடையில வாங்கியே முழுசையும் சேர்க்கணும்னு வெச்சுப்போம். முதல் பாதியான 120 வித அட்டை வர்றதுக்கு சராசரியா 166 கம் போதும். 240-ம் வரணும்னா சராசரியா 1454 கம். பதினாலரை டாலர்! வேலையில்லாத அப்பா இருக்கிற வீட்டுல அது எவ்ளோ பெரிய காசுன்னு யோசிச்சுப் பாருங்க. இதுல கடைசி ஒரே ஒரு அட்டைக்கு மட்டும் சராசரியா 240 கம் மெல்லணும். அதாவது கம்பெனிக்கு லாபமே அந்தக் கடைசி அட்டைகள்லதான்.

(நிஜத்துல எல்லா அட்டையும் ஒரே நேரத்துல வரல, வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. பசங்களும் தெருவுல மாத்திக்கிட்டாங்க. அதனால இந்தக் கணக்கு ஒரு அளவுகோல் மட்டும்தான். கால்குலேட்டரோட சண்டைக்கு வந்துடாதீங்க.)

இந்த லாபத்தோட ருசியை கௌடி நல்லாவே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. எண்களை 1, 2, 3-னு வரிசையா விடாம, நடுநடுவுல விட்டு விட்டு வெளியிட்டாங்க. பையன் கையில இருக்கிறதை அடுக்கிப் பார்த்தா எப்பவும் இடையில ஓட்டை தெரியும். இன்னும் ஒரு சென்ட், இன்னும் ஒரு கம். நாம இன்னிக்கு மொபைல் கேம்ல குறை சொல்ற அதே உத்தி, 90 வருஷத்துக்கு முன்னாடியே.

இதுவரைக்கும் வியாபார சாமர்த்தியம்னு விட்டுடலாம். அடுத்ததுதான் எனக்கு சுருக்குன்னு தைச்சது. 106-ம் நம்பர் அட்டையை அவங்க அச்சடிக்கவே இல்ல!

ஒரு தாளுக்கு 24 அட்டை, மொத்தம் 10 தாள், ஆக 240 இடம். 106 இல்லாததால ஒரு இடம் மிச்சமாகுதுல்ல? பேப் ரூத்தோட 144-ம் எண் அட்டையை ரெண்டு தடவை அடிச்சு கணக்கை நேர் பண்ணிட்டாங்க. பின்பக்கத்துல 240-னு வாக்குறுதி, கைக்கு வந்தது 239. ப்ரோக்ராமர் பாஷையில சொன்னா, வெளியே வரவே முடியாத லூப்புக்குள்ள ஊர்ப் பசங்க எல்லாரையும் தள்ளி விட்டிருக்காங்க. பசங்க கம் வாங்கிக்கிட்டே இருக்கணும்னு வேணும்னேதான் செஞ்சாங்கங்கிறது சேகரிப்பாளர்கள் நடுவுல பரவலான கருத்து. தாள் கணக்கைப் பார்த்தா எனக்கும் அப்படித்தான் தோணுது.

ஏமாந்த பசங்க சும்மா இருக்கல. கம்பெனிக்கு கடுதாசி போட்டாங்க. அதுக்கப்புறம் 1934-ல அந்த வருஷத்து அட்டைகளோட சேர்த்து 106-ஐ அச்சடிச்சு, எழுதிக் கேட்டவங்களுக்கு மட்டும் தபால்ல அனுப்பினாங்க. படத்துல இருந்தவர் நெப்போலியன் லாஜவே. 1916-லயே மேஜர் லீக் ஆட்டத்தை விட்டவர். ஆனா ஒரு காலத்துல க்ளீவ்லாண்ட் அணிக்கே அவர் பேரை வெச்சு 'நேப்ஸ்'னு கூப்பிட்ட அளவுக்கு பெரிய ஆளு. கடுதாசி போடத் தோணாத பையனுக்கு லாஜவே கடைசி வரைக்கும் கிடைக்கல. அதனால 1933 வரிசையிலயே தேடினாலும் கிடைக்காத அட்டை இன்னிக்கு இதுதான். தபால்ல காகிதக் க்ளிப் மாட்டி அனுப்பினதால, மிச்சம் இருக்கிற சில பிரதிகள்ல க்ளிப் அழுந்தின தடம் இன்னமும் தெரியும்.

அப்போ '1933 கௌடி செட் முழுசா வெச்சிருக்கேன்'னு ஒருத்தர் சொன்னா என்ன அர்த்தம்? 239 இருந்தா முழுசா, 240-ஆ? சேகரிப்பாளர்கள் இன்னிக்கும் இதுல ரெண்டு கட்சி. என் ஓட்டு 239-க்கு. அந்த வருஷத்துல உலகத்துல இருந்ததே அவ்ளோதான்.

ஓட்டை போட்டதுல கௌடி முதல் ஆளும் இல்ல. 1932-ல அதே பாஸ்டன்ல யு.எஸ். காரமெல் கம்பெனி 32 விளையாட்டு வீரர்கள் அட்டை போட்டு, முழு செட் கொண்டு வந்தா பரிசுன்னு அறிவிச்சாங்க. பரிசை யாரும் சுலபமா வாங்கிடக் கூடாதுன்னு 16-ம் எண், ஃப்ரெட்டி லிண்ட்ஸ்ட்ராம் அட்டையை விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் வெளிய விட்டாங்க. பல பத்து வருஷம் அப்படி ஒரு அட்டை இருக்கான்னே யாருக்கும் தெரியாது.

இன்னும் பின்னாடி போனா 1909-லேர்ந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டியில வெச்ச டி206 வரிசை. 524 அட்டை. இதுல ஹோனஸ் வாக்னர் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டுச்சு, இன்னிக்கு உலகத்துல சுமார் 60 பிரதிகூட தேறாது. சின்னப் பசங்க சிகரெட் பெட்டி வாங்கறதுக்குத் தன் படம் காரணமாகக் கூடாதுன்னு வாக்னர் மறுத்தார்னு ஒரு கதை, காசு தராததால மறுத்தார்னு இன்னொரு கதை. அவரே புகையிலை மெல்றவர்தான், சுருட்டுப் பெட்டியில படமும் வந்திருக்கு. ஆனாலும் முதல் கதையை நம்பத்தான் எனக்கு ஆசை. வாக்னர், ப்ளாங்க், எழுத்துப் பிழையோட வந்த 'மேகி', டாயில்னு நாலு அபூர்வ அட்டைகளைக் கழிச்சுட்டு, 520 இருந்தாலே 'முழு செட்'னு ஒத்துக்கிறது அந்த வட்டாரத்துல பழகிப்போன சமரசம்.

1952 டாப்ஸ் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால சுருக்கமா. 407 அட்டை. 311-க்கு மேல உள்ள கடைசி வரிசை சீசன் முடியற நேரத்துல வந்துச்சு, கடைக்காரங்க சீண்டல. விக்காத பெட்டிகள் ப்ரூக்ளின் கிடங்குல வருஷக்கணக்கா இடத்தை அடைச்சுக்கிட்டிருந்ததால, 1960-ல குப்பைப் படகுல ஏத்தி அட்லாண்டிக்ல கொட்டிட்டு வந்தோம்னு அந்த செட்டை உருவாக்கின சை பெர்கரே பின்னாடி சொன்னார். அந்த வரிசையோட முதல் அட்டை 311, மிக்கி மாண்டில். 2022-ல அதோட ஒரு நல்ல பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு.

சரி, சேர்த்தாச்சு. எப்படிப் பாதுகாக்கிறது?

பசங்க அன்னிக்கு ரப்பர் பேண்டு போட்டு ஷூ பெட்டியில வெச்சாங்க. ரப்பர் பேண்டு ஓரத்தைக் கடிச்சு பள்ளம் போட்டுடும். சைக்கிள் சக்கரக் கம்பியில சொருகி 'டர்ர்'னு மோட்டார் சத்தம் வர வெச்ச புண்ணியவான்களும் உண்டு. அப்புறம் 1970, 80-கள்ல ஒன்பது பை வெச்ச ப்ளாஸ்டிக் தாள்கள் வந்துச்சு. பார்க்க பளபளன்னு அழகு, ஆனா பி.வி.சி. அதை வளையற மாதிரி ஆக்க சேர்க்கிற ரசாயனம் நாளாக நாளாகக் கசிஞ்சு பிசுபிசுன்னு அட்டையில ஒட்டிக்கும். பாதுகாக்க வாங்கினதே எமனாயிடுச்சு. நாலு மூலையிலயும் திருகு போட்ட அக்ரிலிக் சட்டம் வந்தா, அதை இறுக்கி இறுக்கி அட்டையையே நசுக்கினவங்க உண்டு. இன்னிக்குப் பொதுவா சொல்றது இதுதான்: பாலிப்ரோப்பிலீன் இல்லன்னா பாலியெஸ்டர் உறை, அமிலம் இல்லாத பெட்டி, வெயில் படாத, ஈரம் ஏறாத அறை.

1991-ல பி.எஸ்.ஏ. வந்ததுக்கு அப்புறம் அட்டைக்கு 1-லேர்ந்து 10 வரை மார்க் போட்டு, ப்ளாஸ்டிக் கட்டிக்குள்ள சீல் வைக்கிறது வழக்கமாச்சு. அவங்க சீல் வெச்ச முதல் அட்டையே ஒரு வாக்னர், மார்க் 8. 100 வருஷ அட்டைக்கு எப்படி இவ்ளோ கூரான ஓரம்னு பல பேர் முணுமுணுத்தாங்க. 2013-ல அதை முன்னாடி வித்த பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை நானேதான் வெட்டினேன்னு கோர்ட்டுல ஒத்துக்கிட்டார். உலகத்துலயே பிரபலமான அட்டை, பத்திரமா சீல் வெச்சது எல்லாம் சரி. உள்ள இருந்தது வெட்டின அட்டை!

இந்தக் கூத்துக்கு நேர் எதிர்ல நிக்கிறவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலத்துல சிராக்யூஸ் நகரத்துக்காரர், எலக்ட்ரீஷியன், கல்யாணம் பண்ணிக்கல, மூட்டுவாதம் கையையும் முதுகையும் முறுக்கிப் போட்ட உடம்பு. பேஸ்பால் மேல பெரிசா ஆர்வமும் கிடையாது. ஆனா அச்சடிச்ச அட்டைன்னா எதையும் விடமாட்டார்: சிகரெட் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரம், எல்லாம். அந்த வரிசைகளுக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் கொடுத்து அட்டவணை போட்டவரும் அவரே. 'டி206'ங்கிற பேரே அவர் வெச்சதுதான். டின்னா இருபதாம் நூற்றாண்டு புகையிலை அட்டை.

1947-லேர்ந்து அவர் தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுக்க ஆரம்பிச்சார். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல, அதுல பேஸ்பால் மட்டும் 30,000-க்கும் மேல. சும்மா பெட்டியில போட்டுக் கொடுக்கல. மியூசியத்துலயே ஒரு மேஜை வாங்கிக்கிட்டு, வளையாத விரல்களால ஒவ்வொண்ணா ஆல்பத்துல ஒட்டினார். ஆமா, பசை போட்டு! இன்னிக்கு சேகரிப்பாளர்கிட்ட சொன்னா நெஞ்சைப் பிடிச்சுப்பார். ஒட்டின அட்டைக்கு சந்தையில மதிப்பு பாதாளம். பர்டிக் விக்கிறதுக்குச் சேர்க்கல, வரிசை கலையாம பின்னாடி வர்றவங்க பார்க்கணும்னு சேர்த்தார். ஒட்டிட்டா யாரும் ஒண்ணை உருவி வித்துட முடியாதுல்ல.

1963 ஜனவரி 10-ம் தேதி கடைசி அட்டையை ஒட்டி முடிச்சார். மறுநாள் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தார். ரெண்டு மாசத்துல, மார்ச்ல, காலமானார். வயசு 63.

அவரோட வாக்னர் இப்பவும் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துலதான் இருக்கு. கோடிக்கணக்குல விலை பேசுற அதே டி206 அட்டை. ஒரு காலத்துல அவரோட சொந்தப் பட்டியல்லயே அதுக்கு 50 டாலர்னு விலை போட்டிருந்தார்.