கிழங்கின் மேல் விழுந்த பழி

கொல்லிமலை என்றதும் இலக்கிய வாசகரின் நினைவுக்கு வருபவை வல்வில் ஓரியின் வில்லும் கொல்லிப்பாவையின் சிரிப்பும். அம்மலையின் ஊராட்சிகள் இன்றும் திருப்புலி நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று பழம்பெயர்களாலேயே வழங்கப்படுகின்றன. நாடுகளின் பெயர் மாறவில்லை என்றாலும் அங்கே விளைவது பெரிதும் மாறிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் நின்ற சரிவுகளில் பலவற்றை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கொங்கு நாட்டார் குச்சிக்கிழங்கு என்று அழைக்கும் இந்தப் பயிரின் மேல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு கடுமையான மருத்துவக் குற்றச்சாட்டு எழுந்தது. அது எழுந்த விதத்தையும் தளர்ந்த விதத்தையும், அவ்விசாரணையின் வழியே கணையப் புற்றுநோய் குறித்துக் கிடைத்த அறிவையும் இங்கே தொகுத்துப் பார்க்கிறோம்.

மரவள்ளி நம் மண்ணுக்குப் பழையதன்று. பறம்பு மலையில் உழவர் உழாமலே கிடைப்பனவற்றுள் ஒன்றாகக் கபிலர் சொல்லும் வள்ளிக்கிழங்கு வேறு. மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது கேரளத்து ஏழைகளின் அடுப்பில் வெந்தது இக்கிழங்குதான். சேலத்தில் 1940-களில் ஜவ்வரிசித் தொழில் வேரூன்றியது. பின்னாளில் ஆலைகள் கிழங்கை விலை கொடுத்து வாங்க, கொல்லிமலை உழவர் அதைப் பணப்பயிராக ஏற்றனர். ரேஷன் அரிசி வந்ததும், சாமையை உரலில் குத்திப் புடைக்கும் பெரும்பாடு பெண்களின் தோளிலேயே கிடந்ததும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின.

இனி நோயின் கதைக்கு வருவோம். 1959-இல் சுய்டெமா என்ற மருத்துவர், இந்தோனேசியாவில் ஊட்டமின்றி மெலிந்திருந்த நோயாளிகள் சிலரின் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் இருந்ததைப் பதிவு செய்தார். ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் இதே நோயை நூற்றுக்கணக்கானோரிடம் கண்டார். மது அருந்தாதவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள், ஏழைகள். அவர்களுக்குச் சிறுவயதிலேயே வயிற்றுவலி தொடங்கும். சில ஆண்டுகளில் நீரிழிவு வரும். எக்ஸ்-ரே எடுத்தால் முதுகெலும்பின் குறுக்கே கற்கள் வெள்ளையாகத் தெரியும். 1968-இல் அவர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று இந்நோய் பெயர் பெற்றது.

இந்நோய் மிகுந்த கேரளத்தில் மரவள்ளி அன்றாட உணவு; ஆகவே ஐயம் அதன்மேல் விழுந்தது. கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். உடல் அந்நஞ்சை முறிக்கக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் புரத உணவிலிருந்து வரவேண்டும். புரதமே இல்லாத ஏழை, நஞ்சை முறிக்க இயலாமல் கணையத்தை இழக்கிறான் என்பது வாதம். 1979-இல் அமெரிக்க ஆய்வாளர் மக்மில்லனும் கீவர்கீஸும் இக்கருதுகோளை முன்வைத்தனர். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று தனி வகை ஒன்றை வகுத்து, கற்கள் தோன்றும் இந்நோயை அதன் கீழ் வைத்தது.

வாதம் கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தது. ஆனால் மரவள்ளியை அறியாத வட இந்தியப் பகுதிகளிலும் இந்நோய் இருந்தது. மரவள்ளியே முதன்மை உணவான மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் நீரிழிவே காணப்படவில்லை என்று 1987-இல் ஓர் ஆய்வு கூறியது. 2000-இல் சென்னை ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஓராண்டு வரை மரவள்ளி கொடுத்துப் பார்த்தனர். நீரிழிவும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. 2002-இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் உட்படப் பல குழுக்கள் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டன. கணைய நொதிகள் கணையத்தையே அரித்துவிடாமல் காக்கும் புரதத்துக்கு உரியது அந்த மரபணு. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அம்மாற்றம் இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 1999-லேயே ஊட்டக்குறைவு நீரிழிவு என்ற வகையைக் கைவிட்டிருந்தது. நோயாளிகள் மெலிந்திருந்தது நோயின் காரணமாக இல்லாமல் நோயின் விளைவாகவே இருக்கலாம் என்ற கருத்து வலுத்தது.

கிழங்கை முற்றிலும் குற்றமற்றதென்று சொல்லிவிடவும் முடியாது. கசப்பு வகைகளைச் சரியாகப் பதப்படுத்தாமல் உண்டதால் ஆப்பிரிக்காவில் கொன்சோ என்னும் கால்முடக்க நோய் பரவியதுண்டு. ஆனால் அது வேறு நோய்.

சென்னையில் இன்னொரு கேள்வி எழுந்தது. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கிய எம். விஸ்வநாதன், அவரோடு பணியாற்றிய வி. மோகன், இரைப்பை-குடல் மருத்துவ வல்லுநர் என். மதனகோபாலன் ஆகியோரிடம் இத்தகைய நோயாளிகள் பல்லாண்டுகள் தொடர்ந்து வந்தனர். கற்கள் நிறைந்த இக்கணையங்கள் பிறகு என்ன ஆகின்றன? 1992-இல் கொச்சியைச் சேர்ந்த அகஸ்டின், ரமேஷ் இருவரும் தம் நோயாளிகளில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் கணையப் புற்றுநோய் இருந்ததாக எழுதினர். 1994-இல் சுரேஷ் சாரி, மேற்சொன்ன சென்னை மருத்துவர்களோடும் நியூயார்க்கின் சி. எஸ். பிச்சுமணி, லோவன்ஃபெல்ஸ் ஆகியோரோடும் சேர்ந்து 185 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். இறந்தவர் 24 பேர். அவர்களுள் 6 பேரின் இறப்புக்குக் காரணம் கணையப் புற்றுநோய். பொதுமக்களிடையே எதிர்பார்ப்பதைவிட இது ஏறத்தாழ நூறு மடங்கு. புற்று வந்த வயதும் சராசரியாக நாற்பத்தைந்தை ஒட்டியே இருந்தது.

அதே 1994-இல் கணையத்துக்கு அண்டை உறுப்பான பித்தநாளத்தின் புற்றுநோய் பற்றியும் ஒரு தீர்ப்பு வந்தது. இரு நாளங்களும் முன்சிறுகுடலில் ஏறத்தாழ ஒரே வாயிலில் திறக்கின்றன. அவ்விடத்தில் எந்தப் புற்று அடைத்தாலும் முதலில் தெரிவது மஞ்சள் காமாலைதான். வடகிழக்குத் தாய்லாந்தின் ஏழை மக்கள் ஆற்றுமீனைப் பச்சையாக உண்பதால் ஒரு தட்டைப்புழு உடலில் புகுந்து பித்தநாளத்தில் தங்குகிறது. அப்புழு புற்றுநோய்க் காரணியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. ஆக, ஏழையின் உணவின் மேல் எழும் ஐயம் எப்போதும் பொய்யாவதில்லை. தாய்லாந்தில் சோதனை அதை உறுதி செய்தது. இங்கே சோதனை அதைத் தளர்த்தியது. இரண்டிடத்திலும் முடிவு சோதனைக்குப் பிறகே வந்தது.

சாரி பின்னர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலும், அதன்பின் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலும் பணிபுரிந்தார். நீரிழிவும் கணையப் புற்றும் அங்கும் அவர் ஆய்வில் இணைந்தே இருந்தன. இம்முறை கேள்வியின் திசை வேறு: புற்றே நீரிழிவை உண்டாக்குமா? ஐம்பது வயதைக் கடந்தபின் புதிதாக நீரிழிவு கண்ட 2,122 பேரை ஆராய்ந்து 2005-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில், 18 பேருக்கு மூன்றாண்டுக்குள் கணையப் புற்று கண்டறியப்பட்டிருந்தது. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆயினும் எதிர்பார்ப்பைவிட எட்டு மடங்கு. கட்டியை அறுத்து நீக்கிய பின் புதிய நீரிழிவு மறைந்தவர்களும் உண்டு என்பதை 2008-இல் அக்குழு காட்டியது. 2018-இல் வயது, எடை மாற்றம், சர்க்கரை அளவின் மாற்றம் ஆகிய மூன்றையும் கொண்டு யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று கணிக்கும் முறையொன்றை வகுத்தனர்.

இதன் பயன் பெரிது. இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கும் கணையத்தில் புற்று பெரும்பாலும் கைமீறிய பிறகே தெரிகிறது. அமெரிக்காவிலேயே ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான். முதிய வயதில் திடீரென்று வரும் சர்க்கரையும், காரணமின்றி எடை குறைவதும் சேர்ந்தால் அது வெறும் சர்க்கரை என்று விட்டுவிடலாகாது.

சிறுதானியங்களின் அழிவை எண்ணி வருந்துவோர் மரவள்ளியை நஞ்சென்று தூற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. கொல்லிமலையின் சாமையும் தினையும் மீள வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் அம்மலையில் அதற்காக உழைத்ததும், தானியம் குற்றும் எந்திரங்களைக் கொண்டுபோனதும் போற்றத்தக்கவை. ஆனால் அந்த வழக்குக்கு நிரூபிக்கப்படாத ஒரு நோயைச் சாட்சியாக அழைக்க வேண்டியதில்லை. மண்ணின் வளம், ஊட்டம், விதைகளின் பன்மை, பெண்களின் உழைப்பு ஆகிய காரணங்களே போதும். கணையம் கெட்டு வருபவனிடம் ‘கிழங்கு தின்றாய்’ என்று சொல்லி அனுப்பாமல், அவனைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்துக் கணக்கெழுதி வைத்த மருத்துவர்களால்தான் நமக்கு இவ்வளவும் தெரியவந்தது.