களத்துல முளைச்ச நெல்லு

குறுவை அறுவடை நேரத்துல மழை பிடிச்சா டெல்டாவுல ஒரே பயம்தான்: நெல்லு முளைச்சிடும். 1960-களில் குறுகிய கால ரகங்கள் தஞ்சை ஜில்லாவில் பரவினப்போ இது பெரிய தலைவலி ஆச்சு. அந்த ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு. ஈரம் பட்டா உடனே முளைக்கும்.

உள்ளே என்ன நடக்குது? அரிசியில் சுமார் 7 சதவீதம் புரதம், பெரும்பங்கு குளுட்டெலின். முளைக்காக நெல்லு கட்டி வெச்ச கட்டுச்சோறு அது. தண்ணி பட்டதும் கரு, ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை அனுப்பும். தவிட்டுப் பகுதியில இருக்கிற அல்யூரோன் அடுக்கு நொதிகளைச் சுரக்கும். அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். புரோட்டியேஸ் புரதத்தை அமினோ அமிலங்களா வெட்டும். அதை வெச்சுதான் முளை தன் புதுப் புரதங்களைக் கட்டும். நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கிறப்போ நாம விரும்புறதும் இதைத்தான். ஆனா மூட்டையா, நாற்றங்காலான்னு விதைக்குத் தெரியாதே! வெட்டினதை அப்புறம் காயவெச்சு ஒட்ட முடியாது.

இந்த ஈர நெல்லுக்கு வழி தேடித்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அவங்க கண்டுபிடிச்ச ஒரு வழி: ஈர நெல்லோட உப்பும் உமியும் கலக்குறது. உப்பு ஈரத்தை இழுக்கும், உமி உறிஞ்சும், முளைப்பு தள்ளிப்போகும். வெயில் வர்ற வரைக்கும் சில நாள் கிடைக்கும். அந்த மையம்தான் இன்னைக்குத் தஞ்சாவூர் நிஃப்டெம்.

கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்னு சண்டை நடக்குதே, அதுவும் இந்த ஈரத்தைப் பத்தித்தான். விவசாயி காத்திருப்பார், நொதி காத்திருக்காது.